சித்தி வீட்டு வெள்ளெருக்கு

எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் அந்த வீட்டுக்குள் போனதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, என்ன செடி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களின் குணம், குடும்பம், வருங்காலம் எல்லாம் தெரிந்துவிடும்.

மைசூரில் அப்போது நாங்கள் இருந்த அந்தத் தெருவில் மிஞ்சிப் போனால் இருபது வீடுகள். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண். அந்த மண்ணில் எதை வைத்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. கள்ளி வைத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. ரோஜா அளவுக்கு மீறிப் பூத்தால் அந்த வீட்டு அம்மாள் சமைப்பதில்லை, எல்லாம் ஹோட்டலிலிருந்து வருகிறது. மணி பிளான்ட் திருடி வைத்தால்தான் வளரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே கிரில் முழுக்க மணி பிளான்ட் படரவிட்ட மூலை வீட்டு அம்மாள் யார் வீட்டுக்கு வந்தாலும், வீட்டுக்காரர்கள் கண் அவள் கையிலேயே இருந்தது. காகிதப்பூ என்றால் வெளியே ஜோர், உள்ளே ஒன்றுமில்லை. துளசி வாடினால் அந்த வீட்டில் யாரோ பொய் சொல்கிறார்கள். தசரா சமயத்தில் நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்குகிற ரிடையர்டு இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் கள்ளி, ரோஜா, காகிதப்பூ மூன்றுமே இருந்தன. அவை மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் கார் இருந்தது.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆனால் பத்து வயதில் எனக்கு இதைவிடப் பெரிய சாஸ்திரம் கிடையாது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளாகச் சேர்ந்து வீடு வீடாக நின்று செடி பார்த்துப் பலன் சொல்வதுதான் எங்கள் விளையாட்டு. எங்களுக்குத் தலைவி எதிர்வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா குரோட்டன்ஸ் வைத்திருந்தாள். பூவே பூக்காமல் பகட்டு மட்டும் காட்டுகிற குடும்பம் என்று அதற்குப் பலன் சொன்னவள் அவள்தான். அதை நான் மறக்கவில்லை.

அந்த வருஷம்தான் அப்பா அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தார். தெருப் பெண்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். காலையில் சாமி படம், மத்தியானம் கைவைத்தியம், சாயங்காலம் யாராவது ஒருவர் அனுப்பும் பயமுறுத்தல். எல்லாம் கன்னடத்தில். அம்மா கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்தவள், கன்னடத்தைத் தமிழ் மாதிரியே பேசுவாள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அதனால் படித்துச் சொல்லும் பதவி எனக்கு வந்தது. அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் வைத்த செடி உங்களைப் பற்றி ஊருக்கு என்ன சொல்கிறது என்று ஒரு நீளமான செய்தி வந்திருந்தது. பன்னிரண்டு செடிகள், செடிக்கு ஒரு வரி. நான் செய்தி வாசிப்பவள் போலக் குரலை மாற்றிக்கொண்டு படித்தேன். எட்டோ ஒன்பதோ வந்தபோது எருக்கு. கன்னடத்தில் எக்க என்பார்கள். எந்த வீட்டு வாசலில் அது நிற்கிறதோ அந்த வீட்டில் புருஷன் தங்கமாட்டான் என்று போட்டிருந்தது.

நான் போனைக் கீழே வைத்துவிட்டு, அம்மா, சித்தி வீடு என்றேன். பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. “வாய மூடு. இத வெளிய எங்கியாச்சும் போயிச் சொன்னீன்னா தொலச்சுப்போடுவேன்” என்றாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்தாள். சித்தப்பா அதற்கு முந்தின தீபாவளி வாரத்தில் பூனாவில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். போன மூன்றாம் வாரம் அவர் போன் நம்பர் இல்லாமல் போனது. வேலைக்குப் போவதாகச் சொன்ன இடத்தில் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். தெருவுக்கு நாங்கள் சொன்னது பூனா, லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் பேசிக்கொண்டது வேறு. கணக்குப் பாடம் எழுதுவது போல உட்கார்ந்து நான் அந்த வேறு எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தேன்.

சித்தி வீட்டு வாசலில் நின்றது வெள்ளெருக்கு. என் உயரத்துக்கு இருந்தது. அது எப்போது வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகளுக்கு எல்லாமே எப்போதும் இருந்ததுதான். காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது சித்தி தலைக்குக் குளித்து, ஈரத் துண்டோடு அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். நான் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். காலையில் சித்திக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

சித்தி புடவைக்குக் குச்சு கட்டுவாள். பட்டுப்புடவையின் முந்தானை நுனியில் தொங்கும் நூல்களைப் பிரித்து, முடிந்து, மணி கோத்து அழகாகத் தொங்கவிடுவதற்கு மைசூரில் குச்சு என்று பெயர். கல்யாணப் புடவைக்குக் குச்சு இல்லாவிட்டால் இங்கே பெண்வீட்டாருக்கு மரியாதை இல்லை. சித்தியின் கை அதில் அவ்வளவு சுத்தம். சித்தப்பா போன பிறகு அவள் சோறு அந்தக் குச்சில்தான் இருந்தது. ஆனால் புடவை கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கல்யாணப் புடவையைக் கொடுப்பதற்கு முன்னால் வாங்குகிற கை எப்படிப்பட்டது என்று பார்க்கிறவர்கள் அவர்கள். புருஷன் ஒரு வருஷமாக லீவில் வரவில்லை என்பதை எத்தனை நாள் நம்புவார்கள்?

கொள்ளேகாலில் இருந்த மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிடச் சொல்லி நெருக்கினார். பொம்பளை தனியாக டவுனில் எதற்கு என்பது அவர் கேள்வி. சித்தி தசரா வரைக்கும் தவணை கேட்டாள். அன்று எங்கள் சமையலறையில் அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

“அவரு வந்தார்னா இந்த வாசலுக்குத்தானக்கா வருவாரு. நான் அண்ணன் ஊட்டுல போயி உக்காந்துக்கிட்டா, பூட்டுன கதவப் பாத்துட்டு திரும்பிப் போயிருவாரு. இந்த நவராத்திரிக்கு நாலு பொம்பளைங்க வந்து என்ற கைவேலையப் பாத்தாப் போதும்க்கா. இந்த ஊட்ட நான் வச்சுக்குவேன்.”

முதலில் அந்த எருக்கைப் பிடுங்கி எறி என்றாள் அம்மா. சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பச்ச உசுருக்கா, இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். அம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரியை எந்தப் புருஷன் சகிப்பான் என்று அவள் போன பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

அம்மா வாயை மூடச் சொன்னாள் அல்லவா, நான் நான்கு நாள் மூடினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் விளையாட்டில் எதிர்வீட்டுப் பெண் மறுபடியும் எங்கள் குரோட்டன்ஸைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரிந்தது உங்கள் யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்தேன். எக்கச் செடியின் பலனைச் சொன்னேன். நம்பவில்லை. அத்தாட்சி கேட்டாள். எங்கள் சித்தப்பா பூனாவில் இல்லை, எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அந்தச் செடிதான் அவரைத் துரத்திவிட்டது என்று சொன்னேன். கன்னடத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றைக்கு நான்தான் தலைவி. அந்தப் பெருமையில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அது பெரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ரதசப்தமிக்குத் தலையில் வைத்துக் குளிக்க எருக்கிலை வேண்டும் என்று காலி மனை காலி மனையாக அலைகிற தெருதான் எங்கள் தெரு. விநாயகருக்கு எருக்கம்பூ மாலை போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நவராத்திரியில் மைசூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. சாயங்காலம் கூட்டமாகக் கிளம்பி வீடு வீடாகப் போய், “கொம்பெ கூர்ஸித்தீரா?” என்று கேட்க வேண்டும். பொம்மை அடுக்கியிருக்கிறீர்களா என்று அர்த்தம். ஆமாம் என்றால் உள்ளே போய்ப் பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த வீடு. தெரிந்தவர், தெரியாதவர் என்று கிடையாது. பிள்ளைகள் வந்து கேட்காத வீடு என்றால் அது ஒரு குறை. பிள்ளைகள் வந்தால் பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள். சித்தி நம்பியிருந்தது இந்த வழக்கத்தைத்தான்.

அவள் பொம்மை அடுக்கியது அந்த வருஷம்தான் முதல்முறை. பிஸ்கட் டின்களையும் பழைய பெட்டிகளையும் படியாக வைத்து, தன் கல்யாணப் புடவையையும் அம்மாவிடம் வாங்கிய இரண்டு பட்டுப்புடவைகளையும் விரித்திருந்தாள். மூன்று முந்தானைகளும் முன்பக்கம் வரும்படி விட்டு, அவள் கட்டிய குச்சுகள் வரிசையாகத் தொங்கின. பொம்மை பார்க்க வருகிறவர்கள் குச்சைப் பார்க்காமல் போக முடியாது. மேல்படியில் அவள் கல்யாணத்துக்குக் கொடுத்த மரப்பாச்சி ஜோடி. ரவை உருண்டை பிடித்து இருபது பொட்டலம் கட்டி ஒரு தாம்பாளத்தில் அடுக்கியிருந்தாள். காலையில் நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் ஒன்பது பேர் கிளம்பினோம். வரிசையாகப் பாடி, வாங்கி, தின்றுகொண்டே வந்தோம். கடைசி வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் எதிர்வீட்டுப் பெண் நின்றாள். அங்கே வேண்டாம், அந்த வீட்டில் வாங்கித் தின்றால் அது நம் வீட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும், அம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள். அது எங்கள் சித்தி வீடு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

சித்தி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் இரண்டடி வெளியே வந்து, “கண்ணு, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா சாமி” என்று கூப்பிட்டாள்.

“ஆமேலெ பர்த்தீவி” என்றேன் நான். அப்புறம் வருகிறோம் என்று, கன்னடத்தில். சித்தியிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை கன்னடத்தில் பேசியதில்லை. யாரோ தெரியாத வீட்டு அம்மாவுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் வெட்கப்பட்டது சித்திக்காக, எனக்காக அல்ல. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏழு நாள் அப்படியே போனது. எங்கள் வீட்டைத் தவிர ஒரு ஈ காக்கை அங்கே எட்டிப் பார்க்கவில்லை. ரவை உருண்டை கெட்டுப்போவதற்குள் சித்தி அதை எங்கள் வீட்டுக்கே அனுப்பினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இன்ஜினியர் மனைவியிடம் போய்க் கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் கொஞ்சம் இளகிய மனசுக்காரி. ஆயுத பூஜையன்று ஆறு மணிக்குத் தான் வருவதாகவும் கூட நாலு பேரை அழைத்து வருவதாகவும் ஒப்புக்கொண்டாள். அவள் நுழைந்த வீட்டில் தெரு முழுக்க நுழையும். அதோடு அவள் பெண்ணுக்குத் தையில் கல்யாணம். பதினோரு புடவைக்குக் குச்சு கட்ட வேண்டியிருந்தது. அம்மா இதைச் சொன்னபோது சித்தி அழுதாள். அந்தக் காசில் இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டை விட வேண்டியிருக்காது என்றாள்.

ஆயுத பூஜையன்று, மண்டி மொஹல்லா கடைவீதியில் இருந்த அப்பாவின் கடையில் பூஜை. அம்மா கடைக்குப் போனாள், என்னைச் சித்தியிடம் விட்டாள். நாலு மணி வாக்கில் சித்தி, மூலையில் பூ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், கதவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எருக்கு எனக்கு நேர் எதிரே நின்றது. இன்ஜினியர் மனைவி கேட்டைத் திறந்ததும் முதலில் பார்க்கப்போவது இதைத்தான் என்று தோன்றியது. பார்த்தவுடன் திரும்பிப் போய்விடுவாள். இது இல்லாவிட்டால் அவளும் வருவாள், சித்தப்பாவும் வருவார். இவ்வளவு சுலபமான விஷயம் ஏன் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. என்னால் வந்த கஷ்டத்தை நானே தீர்த்துவிடப் போகிறேன் என்ற நிம்மதி வந்தது. உள்ளே போய்த் தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்து வந்தேன்.

நினைத்ததைவிட மெதுவாகத்தான் வெட்ட முடிந்தது. வெட்டின இடத்திலெல்லாம் பால் கொட்டியது. உச்சியில் கொத்தாக மொட்டு வைத்திருந்தது. கொண்டைக்கடலை அளவில் வெளுத்த மொட்டுகள். ஒன்றைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தேன். பிறகு அந்தக் கொத்தையும் வெட்டினேன். தண்டை அடியோடு சாய்த்துவிட்டு, வியர்வையைத் துடைக்கப் பால் படிந்த கையால் கண்ணைத் தேய்த்தேன்.

சித்தி வந்தபோது நான் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். அவள் முதலில் பார்த்தது என்னை அல்ல, செடியை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. மற்றொரு கண்ணால் எனக்கு அவள் தெரிந்தாள். பூப்பொட்டலத்தை மெதுவாகக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். பிறகுதான் என்னிடம் ஓடி வந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். எனக்கு எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. குருடாகிவிட்டேன் என்று அலறினேன்.

அம்மாவுக்கு நாலு தடவை போன் அடித்தாள். ஆயுத பூஜையில் அவரவர் தொழில் கருவியைத்தானே சாமி முன்னால் வைப்பார்கள். கடையில் அன்று தராசு, கத்தி, பேனாவோடு, புது போன் என்று சொல்லி அம்மா போனையும் பொட்டு வைத்துப் பூஜையில் வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. நாலு தடவையும் அது சாமி முன்னால் பூவுக்கடியில் அடித்து ஓய்ந்தது.

சித்தி வீட்டைப் பூட்டினாள். ஆட்டோ கிடைக்கவில்லை. எல்லா ஆட்டோவும் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டிக்கொண்டு பூஜைக்கு நின்றது. என்னைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தாள். பத்து வயதுப் பெண்ணை அவள் எப்படித் தூக்கினாளோ. உடைத்த பூசணிக்காய்கள் ரோடு முழுக்கக் கிடந்தன, வழுக்கி வழுக்கி நடந்தாள். கடைசியில் ஒருவர் வண்டி எடுத்தார்.

கண் ஆஸ்பத்திரியில் நேரமாயிற்று. கழுவி, மருந்து விட்டு, கட்டுப்போட்டு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பெஞ்சில் சித்தி மடியில் படுத்திருந்தேன். அப்போதுதான் அவள் முதல்முறையாகச் செடியைப் பற்றிக் கேட்டாள்.

“மொட்டு வச்சிருந்துச்சே கண்ணு. அதயுமா வெட்டிட்ட?”

“எல்லாத்தயும் வெட்டிட்டேன் சித்தி. ஒண்ணுகூட உடல” என்றேன். அவள் பயப்பட வேண்டாம், வேலை அரைகுறையாக நிற்கவில்லை என்று சொல்வதாக எனக்கு நினைப்பு.

என் தலையைத் தடவிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்று, மறுபடியும் தடவ ஆரம்பித்தது. கொஞ்சம் கழித்து, யார் கேட்டாலும் சித்திதான் வெட்டினாள் என்று சொல் என்றாள். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

இன்ஜினியர் மனைவி சரியாக ஆறு மணிக்கு வந்திருக்கிறாள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, தட்டில் தேங்காய் பழத்தோடு. பண்டிகை நாளில், விளக்கேற்றுகிற நேரத்தில், அழைத்தவள் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் எருக்கு வெட்டுண்டு பால் வடிந்து கிடந்தது. கேட்டிலும் படியிலும் அந்தப் பால் சொட்டியிருந்தது. என்னவோ செய்துவிட்டு ஓடிப்போயிருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாளாம். மாந்திரீகம் என்ற சொல் அங்கே அன்றுதான் முதலில் பேசப்பட்டது. ஒரு வாரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரருக்கு யாரோ போன் செய்து சொன்னார்கள். அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அம்மா அந்தச் சொந்தக்காரரிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாள். அண்ணனிடமும் போட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் அம்மாவுக்குச் சித்தி சொன்ன கதை, செடியைத் தான் வெட்டும்போது பக்கத்தில் நின்ற பிள்ளை கண்ணில் பால் தெறித்துவிட்டது என்பது. பிடுங்கு பிடுங்கு என்று நான் சொன்னபோதெல்லாம் கேட்காமல், பொம்பளைங்க வருகிற நேரம் பார்த்து வெட்டி, என் பெண்ணின் கண்ணையும் கெடுக்கப் பார்த்தாயே என்று அம்மா கத்தினாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் கண்ணில் கட்டோடு பக்கத்து அறைக் கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. மாமா வந்து கூட்டிப்போகிறேன் என்றபோது அம்மா, கூட்டிக்கொண்டு போ என்றாள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது கொள்ளேகாலில் ஒரு கல்யாணம். சித்தி அங்கே மாமா வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். காய் நறுக்குவது, மாமாவின் மனைவி, அத்தையின் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, யாராவது படுத்துவிட்டால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவள். குச்சு கட்டுவதை விட்டுவிட்டாள். அத்தை வீட்டில் நூல் சிதறுவதைப் பொறுக்கமாட்டாள். கல்யாணத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா போகிற போக்கில் ஒன்றைச் சொன்னாள். சித்தி அம்மாவிடம் அப்போதுதான் சொன்னாளாம்.

சித்தப்பா போனது தீபாவளிக்கு. சித்தி கொள்ளேகால் பக்கம் குறி சொல்கிறவர் ஒருவரைப் போய்ப் பார்த்தது தையில். வெள்ளெருக்குக் கன்று ஒன்றை வாசலில் வைத்து, தினம் விடிகாலையில் குளித்து, யாரிடமும் பேசுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி வா, ஏன் வைத்தாய் என்று ஒருவரிடமும் சொல்லாதே, அது பூக்கும்போது போனவன் வாசலில் வந்து நிற்பான் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமாவின் வயல் வரப்பிலிருந்து சித்தி அந்தக் கன்றைத் தோண்டிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மைசூருக்கு வந்திருக்கிறாள். அந்த மொட்டுகள் அதன் முதல் மொட்டுகள்.

தீபாவளிக்குப் போன மனிதனைத் தையில் வைத்த செடி எப்படித் துரத்தும்? விரல்விட்டு எண்ணினால் ஒரு கையில் எண்ணி முடித்துவிடலாம். இருபது வீட்டில் ஒருவர்கூட எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. குறி சொன்னவர் பேச்சையும் நான் நம்பவில்லை, அது பூத்திருந்தாலும் அவர் வந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பூத்த பிறகு வராமல் போவது வேறு. அப்போது சித்தி அவரை விட்டுவிட்டுக் குச்சு கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். இப்போது அவளுக்கு, பூத்திருந்தால் வந்திருப்பாரோ என்ற சந்தேகம் ஒருநாளும் தீரப்போவதில்லை. கொள்ளேகாலுக்குப் போகிறபோதெல்லாம் அவள் காலைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். அவள் எனக்குக் காபி கலந்து கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. சித்தியை வழியனுப்பப் போன அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. கண்கட்டு அவிழ்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமா சாமான்களை டெம்போவில் அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். அம்மா பேசாமல் தள்ளி நின்றாள். சித்தி கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் பஸ் ஒவ்வொன்று வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்கள் எல்லாரையும் கடைசி ஆள் வரைக்கும் பார்த்தாள். அவள் முகம் எனக்குப் பாவமாக இருந்தது. சித்திக்கு விஷயம் புரியவில்லை, நான்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டி, அம்மாவுக்குக் கேட்காமல் ரகசியமாகச் சொன்னேன்.

“செடிதான் போயிருச்சே சித்தி. இனிமே சித்தப்பா வந்துருவாரு. வந்தா நீ கொள்ளேகால்ல இருக்கேன்னு நான் சொல்றேன்.”

சித்தி திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பிக்கு வெளியே கையை விட்டு, சரியாகிவிட்டதா என்று என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் செய்த உதவி ஒருவழியாக அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் வளைந்து வெளியே போகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.